சிவப்புக் கோட்டைத் தொடும் முள்

மும்பையில் இரவு சாலை காலியானதும் வடாலா வழியாக ஈஸ்டர்ன் ஃப்ரீவேயில் ஏறும் சில கார்கள் அலறிக்கொண்டு போவதைக் கேட்டிருப்பீர்கள். இரண்டாம் கியரிலேயே, என்ஜினின் சுற்றைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொடும்வரை மிதிக்கிறார்கள். பகலெல்லாம் நெரிசலில் ஊர்ந்த வண்டிக்கு, 2013-ல் திறந்த இந்தச் சாலைதான் அப்படி ஓட இடம் கொடுத்தது. என்ஜின் அதற்கு என்ன விலை கொடுக்கிறது?

நமக்குப் பழக்கமான பத்மினி டாக்ஸியையே எடுத்துக்கொள்வோம். குர்லாவில் தயாரான வண்டி. 1089 சிசி என்ஜின். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 75 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 5000 சுற்று என்றால் பிஸ்டன் அந்த ஒரு நிமிடத்தில் 10,000 தடவை நின்று திரும்ப வேண்டும். மேலே போய்த் திரும்பும்போது அதை இழுத்துப் பிடிப்பவை கனெக்டிங் ராடும் அதன் போல்ட்டும். சுற்று இரு மடங்கானால் அந்த இழுவிசை நான்கு மடங்காகிறது. சிவப்புக் கோடு கம்பெனிக்காரர்கள் சும்மா போட்டதல்ல. அதைத் தாண்டினால் வால்வை மூடும் ஸ்பிரிங்கால் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் போகலாம். மூடாத வால்வில் பிஸ்டன் போய் மோதலாம்.

இப்போதைய கார்களில் கம்ப்யூட்டரே பெட்ரோலை நிறுத்திவிடுமே என்பீர்கள். மிதிக்கும்போது நிறுத்தும். நல்ல வேகத்தில் ஐந்திலிருந்து நாலுக்கு இழுத்த கியர் தவறி இரண்டில் விழுந்தால்? அப்போது என்ஜினைச் சுற்றுவது சக்கரம். பெட்ரோலை நிறுத்தி என்ன பயன்?

ஆனாலும் என்னை அதிகம் வருத்துவது காலையில் கேட்கும் உறுமல்தான். சாவியைத் திருப்பியதும் ஆக்சிலேட்டரை அமுக்கி வண்டியைச் 'சூடாக்குகிறார்கள்'. இரவெல்லாம் ஆயில் அடியில் இறங்கிக் கிடக்கிறது. மேலே வந்து சேரச் சில நொடிகள் வேண்டும். அலுமினிய பிஸ்டனும் பிளாக்கும் ஒரே சீராக விரிவதில்லை. தேய்மானம் அங்கேதான் தொடங்குகிறது. டாஷ்போர்டில் சூடு காட்டும் முள் காட்டுவது தண்ணீரின் சூட்டை. ஆயில் சூடாக இன்னும் நேரமாகும். அதுவரை முதல் சில கிலோமீட்டர் மெதுவாக ஓட்டினால் போதும். நல்ல ஆயிலோடு நன்றாகச் சூடான என்ஜின், எப்போதாவது கோட்டுக்குக் கீழே ஒரு விரட்டலைத் தாங்கிக்கொள்ளும்.

பழைய கார் வாங்கப் போகிறீர்களா? என்ஜின் ஆறியிருக்கும்போது உங்கள் எதிரிலேயே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ போயிருக்கலாம். அடியிலிருந்து டொக் டொக் என்று தட்டினால் பேரிங்காக இருக்கலாம். ஒரு மெக்கானிக்கிடம் காட்டாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.