கண்ணாடி காட்டிய முகம்

பிரான்சு நாட்டின் ஆர்ல் நகரில், 1888 டிசம்பர் 23ஆம் நாளிரவு, வின்சென்ட் வான் கோ என்னும் ஓவியர் மனங்கலங்கித் தமது இடக்காதை அறுத்துக்கொண்டார். 1889 ஜனவரியில் வைத்தியசாலையினின்று வீடு திரும்பியவர், கண்ணாடியின் முன் அமர்ந்து தம் உருவத்தைத் தைலவண்ணத்தில் தீட்டினார். கண்ணாடி இடத்தை வலமாக்குவதால், படத்தில் கட்டு வலக்காதிற் காணப்படுகின்றது.

காயத்தை அவர் மறைக்கவுமில்லை. அதனைக் காட்டி இரக்கம் வேண்டவுமில்லை. மயிர்த்தொப்பியும் தடித்த மேலங்கியும் அணிந்து அமைதியாக நிற்கிறார். பின்னே ஓவியந் தாங்கும் மரச்சட்டம். சுவரிலே அவர் போற்றிய ஜப்பானிய அச்சுப்படம். நோயுற்றவனை மட்டுமன்றி, தொழிலுக்கு மீண்ட கலைஞனையும் அப்படம் காட்டுகின்றது.

1890 ஜூலையில் அவர் மறைந்தார். இடைப்பட்ட ஒன்றரை ஆண்டும் நோய் அடிக்கடி தாக்கியது. எனினும் தூரிகை ஓயவில்லை. இலண்டன் கோர்ட்டோல்ட் கலைக்கூடத்திலுள்ள இச்சிறு படமே அவ்வுறுதிக்குச் சான்று.