தாய் மனமும் தாய்ப்பாலும்

பிள்ளை பிறந்த வீட்டிலே இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ தவறாது எழும் கேள்வி ஒன்று உண்டு. "பால் காணுமோ?" என்பதே அது. கேட்பவர் மாமியாராக இருக்கலாம், அம்மம்மாவாக இருக்கலாம், பிள்ளை பார்க்க வந்த அயல்வீட்டுப் பெண்ணாகவும் இருக்கலாம். எவராயினும் அன்பினாலேயே கேட்கின்றார். ஆயினும், இளந்தாயின் காதிலே அவ்வினா ஒரு தீர்ப்புப் போலவே வந்து விழுகின்றது. அதன் பின்னர், பிள்ளை அழும்போதெல்லாம் அத்தீர்ப்பே அவளுக்கு மீண்டும் மீண்டும் கேட்கின்றது. தோள் இறுகுகின்றது, மூச்சுக் குறுகுகின்றது, பிள்ளையை அணைக்கும் கையும் விறைத்துப் போகின்றது.

இந்த இறுக்கத்துக்கும் பாலுக்கும் தொடர்பு உண்டா என்பதே ஆராயத்தக்கது. பால் உண்டாதல் வேறு. உண்டான பால் இறங்கி வருதல் வேறு. இரண்டையும் ஆள்வன மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பியிலிருந்து வரும் இரு ஓமோன்கள். பாலை உண்டாக்குவது புரோலக்ரின். உண்டான பாலை மார்பின் நுண்ணிய அறைகளிலிருந்து பிழிந்து காம்பை நோக்கித் தள்ளுவது ஒட்சிற்றோசின். பிள்ளை உறிஞ்சும் தொடுகையினால் இரண்டும் எழுகின்றன. ஆனால் ஒட்சிற்றோசின் தாயின் மனநிலைக்கும் செவிசாய்ப்பது. பிள்ளையின் மணமும், அழுகுரலும், சில வேளை பிள்ளையைப் பற்றிய நினைவுமே அதனை எழுப்பிவிடும். அச்சமும் நோவும் அதனைத் தடுத்து நிறுத்தும். மாடு வளர்ப்போர் இதனை எவரும் கற்பியாமலே அறிவர். கன்றை முதலில் ஊட்டவிட்டுப் பின்னரே கறக்கின்றனர். புதியவர் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றால், பசு பாலை அடக்கிக்கொள்கின்றது.

மனிதத் தாயிடத்தும் இதுவே நிகழ்கின்றது என்பதை 1948ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே நியூற்றன் தம்பதியர் காட்டினர். அவர்களுடைய சோதனை சிறிது வேடிக்கையானது. சிறிது கொடியதும் எனலாம். பாலூட்டும் தாய் ஒருத்தியின் பாதங்களைப் பனிக்கட்டி நீரில் அமிழ்த்தினர். கால் பெருவிரலை நோக இழுத்தனர். கணக்குகளைக் கொடுத்து, பிழையாக விடை சொன்னால் மின்னதிர்ச்சியும் கொடுத்தனர். அமைதியான நாட்களிலே பிள்ளை ஒரு தடவையில் சராசரியாக 168 கிராம் பால் குடித்தது. இந்தத் தொல்லைகளின் நடுவே குடித்தது 99 கிராம். தொல்லைகள் அப்படியே இருக்க, தாய்க்கு ஒட்சிற்றோசினை ஊசி மூலம் ஏற்றியபோது அளவு 153 கிராமாக உயர்ந்தது. பால் உள்ளேதான் இருந்தது. அதற்கு வழி திறக்கவில்லை, அவ்வளவே.

ஒரு தாயைக் கொண்டு செய்த சோதனை இது. ஆயினும் பின்வந்த ஆய்வுகளும் அதனுடன் ஒத்தே நிற்கின்றன. இதிலிருந்து, "கவலைப்பட்டால் பால் வற்றிவிடும்" என்று ஒரு தாயை எச்சரிப்பது பெருந்தவறு. கவலை பாலை வற்றச் செய்வதில்லை. வருகையைச் சற்றே தாமதிக்கச் செய்கின்றது. சில நிமிடங்கள் பொறுத்து, பிள்ளை தொடர்ந்து உறிஞ்சினால் பெரும்பாலும் பால் இறங்கிவிடும். கவலைப்படுவதைப் பற்றியும் கவலைப்படும்படி ஒருத்தியைச் செய்வதால் யாருக்கு என்ன பயன்?

இறுகிய மனத்தை நேரே இளக்குதல் அரிது. உடலை இளக்குதல் அத்துணை அரிதன்று. நிமிர்ந்து விறைப்பாக உட்கார்ந்து, குனிந்து மார்பைப் பிள்ளையின் வாய்க்குக் கொண்டு செல்ல முயலும் தாய்க்கு முதுகும் கழுத்தும் நோவது இயல்பே. அதற்கு மாறாக, தலையணைகளிலே நன்றாகப் பின்சாய்ந்து, பிள்ளையைத் தன் மார்பின்மேல் குப்புறக் கிடத்திப் பார்க்கட்டும். பிள்ளையின் பாரத்தைத் தாயின் உடலே தாங்கிக்கொள்ளும்; கைகள் ஓய்ந்திருக்கும். பிள்ளையோ தலையை அசைத்து, கன்னத்தால் உரசி, காம்பைத் தானே தேடும். பிறந்தவுடன் தாயின் வெற்று மார்பில் விடப்பட்ட சிசு, தானாகவே ஊர்ந்து சென்று பால் குடிக்கத் தொடங்குவதை 1987இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர் விவரித்தனர். தேடும் இயல்பூக்கம் பிள்ளையோடு கூடவே பிறக்கின்றது. அதனைக் கெடுப்பது அவசரமான கைதான். பிள்ளையின் பின்தலையைப் பிடித்து மார்பில் அழுத்தினால் அது தலையைப் பின்னே எறியும். "பிள்ளை பாலை வெறுக்கின்றது" என்று வீட்டார் சொல்வர். பிள்ளை வெறுத்தது அந்த அழுத்தத்தை.

இனி, கடிகாரம். நியூசிலாந்திலே திறூபி கிங் என்னும் வைத்தியர் 1907இல் தொடங்கிய இயக்கம், நான்கு மணித்தியாலத்துக்கு ஒரு முறை பாலூட்ட வேண்டும், இரவிலே ஊட்டலாகாது என்று விதித்தது. சிசு மரணத்தைக் குறைக்க உழைத்த நல்லவர்தாம் அவர். ஆனால் அவருடைய விதி பல நாடுகளுக்கும் பரவி, எத்தனையோ தாய்மாரைக் கதவுக்கு அப்பால் நின்று அழுகுரல் கேட்கவைத்தது. 1946இல் அமெரிக்க வைத்தியர் ஸ்பொக் எழுதிய நூல், தாய் தன் உணர்வை நம்பலாம் என்று சொல்லியபோது அது பலருக்கு விடுதலையாகவே தோன்றியது. முதல் நாளிலே பிள்ளை ஒரு தடவையில் குடிப்பது சில மில்லிலீற்றர் மாத்திரமே. ஆகவே இருபத்துநான்கு மணித்தியாலத்தில் எட்டு முதல் பன்னிரண்டு தடவை வரை அது பால் கேட்கும். மாலை வேளையிலே விட்டு விட்டுத் தொடர்ந்தும் கேட்கும். கையை வாய்க்குக் கொண்டுபோதல், உதட்டைச் சப்புதல், தலையைத் திருப்பித் தேடுதல் ஆகியனவே பசியின் முதற் குறிகள். அழுகை கடைசியில் வருவது.

அழுகையைக் கேட்டு அஞ்சி, ஒரு போத்தல் பால்மாவைக் கரைத்துக் கொடுப்பதே பல வீடுகளில் நடப்பது. பிள்ளை உறங்குகின்றது, வீடும் அமைதியாகின்றது. ஆனால் உறிஞ்சாத மார்பு குறைவாகவே சுரக்கும். மறுநாள் உண்மையாகவே பால் குறைகின்றது. அச்சம் தன்னைத் தானே மெய்ப்பித்துக்கொண்டது! மருத்துவக் காரணம் இருந்தாலன்றி அந்தப் போத்தலுக்கு வேலையில்லை. பால் காணுமோ என்பதற்கு விடை பிள்ளையின் துணியிலேயே இருக்கின்றது. ஐந்தாம் நாளளவில் ஒரு நாளைக்கு ஆறு துணியாவது நனைந்து, மலமும் கருமை நீங்கி மஞ்சளாகிவிட்டால் அஞ்ச வேண்டியதில்லை. முதல் நாட்களில் நிறை சிறிது குறைவதும், இரண்டு கிழமைக்குள் மீள்வதும் இயற்கையே.

நம் நாட்டுப் பழக்கங்களிலே தாய்க்குத் துணைபுரிவன பல உள. முப்பத்தொரு நாள் துடக்கு என்று அவளை வீட்டு வேலையிலிருந்து விலக்கி வைத்தது, காரணம் எதுவாயினும், அவளுக்குக் கிடைத்த ஓய்வு. பத்தியச் சரக்குக் கறியும், பாற்சுறா வறையும், முருங்கையிலையும் அவள் உடலுக்கு ஊட்டம் தருவன. சுறாவினால் பால் பெருகுமா என்று கேட்பின், பாலைப் பெருக்குவது பிள்ளையின் வாயே என்றுதான் விடை சொல்ல வேண்டும். எனினும், தன் பொருட்டு ஒருவர் அடுப்படியில் நின்று சமைக்கின்றார் என்பதும் ஒரு தாய்க்கு ஆறுதலன்றோ? சீம்பாலைப் பிழிந்து கொட்டுதலும், பிறந்த பிள்ளைக்குச் சீனித்தண்ணீர் கொடுத்தலும் மாத்திரம் கைவிடத்தக்கன.

1983ஆம் ஆண்டிலேயே பால்மா விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் விதிகளை இலங்கை வகுத்தது. 2016ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்படி, ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுள் 82 வீதம் தாய்ப்பால் மட்டுமே பெற்றன. இதிலே குடும்ப நல உத்தியோகத்தரின் பங்கு பெரிது. பிள்ளை பிறந்த முதற் பத்து நாட்களுக்குள் அவர் வீடு தேடி வருவது வழக்கம். அவர் வரும்போது, எல்லாம் சுகம் என்று சொல்லி அனுப்பிவிடாது, ஒரு முறை தாய் பாலூட்டுவதைப் பார்க்கும்படி கேட்பது நன்று.

ஏனெனில் இயல்பூக்கம் பிள்ளையிடம் நிறைந்திருப்பது போலத் தாயிடம் நிறைந்திருப்பதில்லை. அவள் பாதி உணர்ந்தும் பாதி கற்றுமே ஊட்டுகின்றாள். காம்பு வெடித்து, ஒவ்வொரு முறையும் நோவெடுக்குமாயின், பிள்ளை பிடிக்கும் முறையைத் திருத்த வேண்டும்; பல்லைக் கடித்துப் பொறுப்பது தவறு. பிள்ளை பாலுக்கு எழும்பாது உறங்கிக்கொண்டே இருந்தாலும், துணி நனையாவிட்டாலும், மேனி மஞ்சள் பூத்தாலும், தாயின் மார்பு சிவந்து காய்ச்சல் கண்டாலும் அன்றைக்கே வைத்தியரிடம் காட்ட வேண்டும். சாய்ந்திருந்து ஊட்டும் தாய்க்கு உறக்கம் வருமாயின் அருகிலுள்ளவர் பிள்ளையை வாங்கித் தொட்டிலிலே கிடத்துக. காரணமின்றி அழுகை வருதல் முதற் கிழமையில் பலருக்கும் நேர்வதே. அது இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால், கணவனோ தாயாரோ அவளை வைத்தியரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். பிள்ளையையும் உடன் கொண்டுபோகலாம்.