கூட் முற்றுகையில் இந்திய வீரர்

டில்லி வாழ் தமிழ் நேயர்கள் மாலை வேளைகளில் இந்தியா கேட் அருகே உலவுவதுண்டு. 1931-ஆம் ஆண்டில் திறந்துவைக்கப்பட்ட அவ்வளைவின் கல்வெட்டில் மெசபொடேமியா என்றொரு சொல் உள்ளது. அச்சொல்லுக்குள் அடங்கிய துயரங்களில் ஒன்றை இன்று கூறுகிறேன்.

1915 டிசம்பரில், டைகிரிஸ் நதி வளைவிலுள்ள கூட் நகரில், ஜெனரல் டவுன்ஷெண்டின் படையைத் துருக்கியர் முற்றுகையிட்டனர். அப்படையில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். டிசம்பர் 24-இல் கோட்டை மதிலைத் தகர்த்து நுழைந்த பகைவரை, மராட்டியச் சிப்பாய்களும் ஆங்கிலேய வீரர்களும் தோளோடு தோள் நின்று விரட்டினர். பின்னர் வந்தது பசி. மீட்கப் புறப்பட்ட படையில் ஏறத்தாழ 23,000 பேர் மாண்டும் காயமுற்றும் வீழ்ந்தனர், வழி திறக்கவில்லை. விமானங்கள் போட்ட உணவு மூட்டைகளும் போதவில்லை.

குதிரை இறைச்சி வழங்கப்பட்டபோது இந்திய வீரர் பலர் தொட மறுத்தனர். உண்ணலாமெனச் சமயத் தலைவர்கள் இசைந்தும், ஊர் திரும்பினால் உற்றார் ஏற்பரோ என்ற அச்சம் தடுத்தது. பசியிலும் நோயிலும் நலிந்த உடலோடு காவல் நின்றனர்.

147 நாட்களுக்குப் பின், 1916 ஏப்ரல் 29-இல் கூட் சரணடைந்தது. சிறைப்பட்டோர் பாலைவனத்தின் வழியே நடத்திச் செல்லப்பட்டனர், பலர் மீளவில்லை.

அது அவர்கள் வேண்டிய போரன்று. அவர்கள் காட்டிய உறுதியோ அவர்களுடையதே. அடுத்த முறை அவ்வளைவின் கீழ்ச் செல்லும்போது, அச்சொல்லைச் சற்று நின்று படியுங்கள்.