பார்த்த கூத்தையே ஏன் மறுபடி பார்க்க வேண்டும்?

(கொழும்பு கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வேலை பார்க்கும் தோட்டப் பிள்ளைகளும், அவர்களைப் பார்க்க வந்த பெற்றோரும் கூடிய கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் நிகழ்த்திய பேச்சு)



மாசி மாதம் நெருங்கும்போது நாம் கொழும்புக்கு வந்தால், கடைகளில் நிற்கும் நமது தோட்டத்துப் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்போம். "காமன் கூத்துக்கு ஊருக்கு வருவீங்களா?" என்று. அநேகமாகக் கிடைக்கும் பதில்: "அதே கதைதானே சேர். சின்ன வயசிலிருந்து பாத்தாச்சு. லீவு எடுத்து, பஸ்ஸுக்குக் காசு குடுத்து, பாத்ததையே என்னத்துக்குப் பாக்கிறது?"

கேள்வி நியாயமானதுதான். ஒரு நாள் சம்பளத்தின் அருமை நமக்குத் தெரியாததல்ல. அதனால் அதற்குச் சரியான பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்தோம். இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான்.

முதலில் நீங்கள் வேலை பார்க்கும் இந்தக் கொழும்பையே எடுத்துக்கொள்வோம். கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்தில் ஜிந்துப்பிட்டி இருக்கிறது. அந்த வழியாக மூட்டை தூக்கிப் போகிறவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பீர்கள். ஒரு காலத்தில் கொழும்பில் தமிழ் நாடகம் என்றால் ஜிந்துப்பிட்டிதான். தமிழ்நாட்டிலிருந்து நாடகக் கம்பெனிகள் கப்பலேறி வந்து இரவிரவாகப் பாடி நடித்தார்கள். என்ன நாடகம்? வள்ளி திருமணம், கோவலன், பவளக்கொடி, அரிச்சந்திரா. அடுத்த வருடம் வேறு கம்பெனி வரும். அதுவும் அதே வள்ளி திருமணம், அதே அரிச்சந்திராதான்.

வள்ளி கடைசியில் முருகனைத்தான் கட்டப்போகிறாள் என்பது கொட்டகையில் இருந்த சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் சனம் வந்தது. இன்றைக்கு வள்ளியாக வருகிறவர் எப்படிப் பாடுகிறார், நாரதர் தர்க்கத்தில் எப்படி மடக்குகிறார், ஆர்மோனியக்காரர் எப்படி ஈடு கொடுக்கிறார் என்று பார்க்கத்தான் வந்தார்கள். கதை தெரிந்தவனுக்குத்தான் பாட்டில் வித்தியாசம் தெரியும்.

1926ஆம் ஆண்டு இந்தக் கொழும்பு மேடையில்தான் கே. பி. சுந்தராம்பாளும் எஸ். ஜி. கிட்டப்பாவும் சேர்ந்து நடிக்க ஆரம்பித்தார்கள். அடுத்த வருடம் திருமணம் செய்துகொண்டார்கள். கிட்டப்பா 1933ல், 27 வயதிலேயே காலமாகிவிட்டார். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்த இருவர் பெயரையும் தமிழ்ச் சனம் மறக்கவில்லை. அவர்கள் பாடி நடித்தவையும் எல்லோருக்கும் தெரிந்த பழைய கதைகளே.

அந்த நாடகங்களில் பலவற்றை எழுதிக் கொடுத்தவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922). அந்த வழியில் 'ஸ்பெஷல் நாடகம்' என்று ஒன்று உண்டு. வள்ளி ஒரு ஊரிலிருந்து வருவார், முருகன் வேறொரு ஊரிலிருந்து வருவார், ஒத்திகை கிடையாது. இரவு மேடையில் சந்தித்து விடியும்வரை நடித்து முடிப்பார்கள். எப்படி முடிகிறது? எல்லோரும் அதே நாடகத்தைப் பல தடவை பார்த்து, கேட்டு, நடித்து மனதில் ஏற்றி வைத்திருப்பதால்தான் முடிகிறது.

நமது நாட்டில் யாழ்ப்பாணப் பக்கத்திலும் இப்படித்தான். காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்து அவர்கள் அரிச்சந்திரா மயான காண்டத்தை ஆயிரக்கணக்கான தடவை மேடையேற்றினார். மகன் செத்துக் கிடக்க, சுடலை காக்கும் அரிச்சந்திரன் மனைவியிடமே கூலி கேட்கும் கட்டம் அது. ஒரு தடவை அழுதவர்கள் அடுத்த ஊரில் போட்டாலும் நடந்து போய் மறுபடி அழுதார்கள். அவர் 1989ல் காலமானார். பார்த்தவர்கள் இன்னும் அதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்.

சிங்களச் சகோதரர்களையும் பாருங்கள். பேராசிரியர் சரச்சந்திர அவர்களின் 'மனமே' 1956 நவம்பர் 3ஆம் தேதி கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் முதன்முதலாக மேடையேறியது. ஜாதகக் கதை. அவர்களுக்குப் பழகிய கதைதான். ஆனால் தாத்தா பார்த்தார், அப்பா பார்த்தார், இப்போது பேரன் பார்க்கிறான். அந்த நாடகம் எடுத்துக்கொண்ட 'நாடகம' என்ற பழைய ஆட்டமுறை நமது தமிழ்க் கூத்திலிருந்து வளர்ந்தது என்பதை ஆராய்ந்தவர்களே எழுதியிருக்கிறார்கள். அதே காலத்தில் பேராதனையில் பேராசிரியர் வித்தியானந்தன் அவர்கள் மட்டக்களப்புக் கூத்தை எடுத்துச் செப்பனிட்டார். 'இராவணேசன்' அப்படி வந்தது. அதில் அன்று இராவணனாக ஆடிய மௌனகுரு அவர்கள், பல வருடம் கழித்துப் புதிய மாணவர்களைப் பழக்கி அதையே மறுபடி மேடையேற்றினார்.

வெளிநாட்டிலும் இதுதான் கதை. அமெரிக்காவில் நியூயோர்க் நகரில் 'த ஃபாண்டம் ஒவ் த ஒப்பரா' என்ற பாட்டு நாடகம் 1988 முதல் 2023 வரை 13,981 காட்சிகள் நடந்தது. ஒரே ஆள் பல தடவை டிக்கட் வாங்கிப் போய்ப் பார்த்தார். அவரை யாரும் பைத்தியம் என்று சொல்லவில்லை, ரசிகர் என்றார்கள். நமது லயத்துக் கிழவி காமன் கூத்தை ஐம்பதாவது தடவை பார்த்தால் மட்டும் நமக்குச் சிரிப்பு வருகிறது. இது என்ன நியாயம்?

இனி நமது கூத்துக்கு வருவோம். மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் காமன் ஊன்றுகிறோம். ரதிக்கும் மன்மதனுக்கும் கல்யாணம். இரவில் தப்பு முழங்க ஆட்டம், லாவணிப் பாட்டு. பிறகு சிவனின் தவத்தைக் கலைக்கப் போகும் மன்மதனை ரதி தடுக்கிறாள். அவன் கேட்கவில்லை. நெற்றிக் கண் திறக்கிறது, மன்மதன் எரிகிறான். ரதி புலம்புகிறாள். பிறகு மன்மதன் உயிர் பெறுகிறான்.

இதை யார் நமக்குப் படிப்பித்தார்? பள்ளிக்கூடத்தில் இதற்குப் பாடம் இல்லை. அப்பாவின் தோளில் இருந்து பார்த்தோம், அம்மாவின் கம்பளிக்குள் சுருண்டுகொண்டு பார்த்தோம். பத்து வருடம் பார்த்த பையன் பதினோராம் வருடம் தூதன் வேஷம் கட்டினான். அப்புறம் மன்மதன். வயதானதும் கூத்து வாத்தியார். பார்ப்பதுதான் இதற்குப் பள்ளிக்கூடம்.

1964ல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. அதன்படி நமது சனத்தில் இலட்சக்கணக்கானோர் இந்தியாவுக்குப் போக நேர்ந்தது. ஒரு தோட்டத்தில் ரதியாக ஆடினவர் போனார், இன்னொரு தோட்டத்தில் தப்புக்காரர் போனார். ஆனாலும் அடுத்த மாசியில் கூத்து நடந்தது. ஏன்? பார்த்துப் பார்த்துப் பாட்டை மனதில் வைத்திருந்தவர்கள் லயத்தில் மீதி இருந்தார்கள்.

நாம் நேரில் பார்த்த ஒரு விஷயத்தைச் சொல்கிறோம். ஒரு தோட்டத்தில் ரதி வேஷம் கட்டிய இளைஞனுக்குப் புலம்பலின் நடுவில் அடி மறந்துவிட்டது. வாத்தியாருக்கும் வயதாகிவிட்டது, அவருக்கும் உடனே வரவில்லை. தப்பு மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. அப்போது கூட்டத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி அந்த அடியை எடுத்துக் கொடுத்தார். மெல்லிய குரல்தான். பையன் பிடித்துக்கொண்டான், கூத்து நடந்தது. அந்தப் பாட்டி வாழ்நாள் முழுக்கக் கொழுந்து எடுத்தவர். ஒரு நாளும் வேஷம் கட்டியதில்லை, பெண்களுக்கு அந்த இடம் கொடுக்கப்படவில்லை. அவர் செய்ததெல்லாம் வருடா வருடம் வந்து உட்கார்ந்து பார்த்ததுதான். அன்றைக்குக் கூத்தைக் காப்பாற்றியது அந்தப் பார்வைதான்.

இன்றைக்கு நமது பிள்ளைகள் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் புறக்கோட்டையிலும் இருக்கிறார்கள். தோட்டத்தில் பெரியவர்களும் சின்னக் குழந்தைகளும்தான் மிச்சம். சில தோட்டங்களில் வேஷம் கட்ட ஆள் இல்லாமல் கூத்து நின்றுவிட்டது. சில தோட்டங்களில் ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டைப் போட்டு இரவை முடித்துவிடுகிறார்கள். அடுத்த தடவை அடி மறந்தால் எடுத்துக் கொடுக்கும் பாட்டி யார்? இதைத்தான் நாம் உங்களிடம் கேட்கிறோம்.

செய்யக்கூடியது சில உண்டு.

முதலாவது, தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் முதலாளியிடம் லீவு கேட்பது போல மாசியில் ஒரு இரவுக்கும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ஒரே கடையில் நாலு பேர் இருந்தால் முறை வைத்துப் போங்கள்.

இரண்டாவது, உங்கள் கையில் போன் இருக்கிறது. வாத்தியார் பாடுவதை முழுசாகப் பதிவு செய்யுங்கள். பாட்டை ஒரு கொப்பியில் எழுதி, பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டித் திருத்துங்கள். தோட்டத்து வாசகசாலையில் ஒரு பிரதி இருக்கட்டும்.

மூன்றாவது, தப்பு அடிக்கிறவரை ஓரத்தில் நிறுத்தும் பழக்கத்தை விடுங்கள். அவர் இல்லாமல் கூத்து இல்லை. சாதி பார்த்து மரியாதை குறைத்தால், அவர் மகன் தப்பைத் தொடமாட்டான். அவன் செய்வது சரிதான்.

நான்காவது, பெண் பிள்ளைகளுக்கு இடம் கொடுங்கள். ரதியின் புலம்பல் நமது தாய்மாருக்கு மனப்பாடம். அவர்கள் மகள்மார் பாடினால் என்ன குறைந்துவிடும்?

ஐந்தாவது, தகப்பன்மாருக்கு ஒரு வார்த்தை. அந்த இரவில் குடித்துவிட்டு வராதீர்கள். சண்டைக்குப் பயந்தே பல தாய்மார் பிள்ளைகளை வீட்டில் படுக்க வைத்துவிடுகிறார்கள்.

தம்பிமாரே, கதை அதேதான். ஆனால் பார்க்கும் நாம் அதே ஆள் இல்லை. பத்து வயதில் மன்மதன் எரியும் நெருப்பைப் பார்த்தோம். இருபதில் அவன் அழகைப் பார்த்தோம். கல்யாணமாகி, வேலைக்காகப் பெண்டாட்டியை ஊரில் விட்டுக் கொழும்புக்கு வந்த பிறகுதான், "போகாதீர்கள்" என்று ரதி சொல்வது காதில் விழும். ஒரே தடவை பார்த்தவனுக்கு இது கிடைக்காது.

ஆகையால் வருகிற மாசியில் காமன் பொட்டலில் உங்களைப் பார்ப்போம் என்று நம்புகிறோம். வரும்போது கடையில் கூட வேலை செய்யும் சிங்கள, முஸ்லிம் நண்பர்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவர்களுக்கு அது முதல் தடவையாக இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்ல, பல தடவை பார்த்த நீங்கள் வேண்டும்.