பள்ளிக்கூடத்து அடுப்பும் சட்டமும்

(மேலநீலிதநல்லூரில் விவசாயத் தொழிலாளர், மில் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சர்க்கார் பள்ளிக்கூடத்தில் யார் சோறு ஆக்குவது? இந்தக் கேள்விக்காக ஒரு வழக்கு ஏழு வருஷம் நடந்தது. அதைத்தான் இன்று நாம் பேச வந்திருக்கிறோம்.

2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளிக்கு ஒரு சத்துணவுச் சமையலர் மாறுதலாகி வந்தார். அருந்ததியர் சமூகத்துப் பெண். பல வருஷம் இதே வேலை பார்த்தவர். அவர் சமைக்கக் கூடாதென்று ஆதிக்க ஜாதியார் பள்ளியை முற்றுகையிட்டார்கள். குறை சமையலில் அல்ல, பிறப்பில் என்றார்கள்! அதிகாரிகள் என்ன செய்தார்கள்? வம்பு செய்தவர்களைத் தடுக்கவில்லை. அந்த அம்மாளையே வேறு பள்ளிக்கு மாற்றினார்கள். தீண்டாமை ஒழிப்பு முன்னணியும் மற்ற இயக்கங்களும் திரண்டன. மாறுதல் ரத்தாயிற்று. வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி வழக்கும் பதிவாயிற்று. 2025 நவம்பரில் திருப்பூர் கோர்ட் 6 பேருக்கு 2 வருஷம் சிறைத் தண்டனை விதித்தது. மற்றவர்கள் விடுதலையானார்கள்.

இது நம் நாட்டு நோய் மட்டுமல்ல. அமெரிக்காவில் நார்போக் நகரப் பள்ளிகளில் ஒரே படிப்பு, ஒரே வேலை. வெள்ளை ஆசிரியருக்கு வருஷம் 1,200 டாலர், கறுப்பருக்கு 921. 1939இல் கறுப்பின ஆசிரியை ஒருவர் வழக்குப் போட்டார். பள்ளி போர்டு அவர் வேலையைப் பறித்தது. பயந்தார்களா? இல்லை. மெல்வின் ஆல்ஸ்டன் என்ற ஆசிரியர் அவர் இடத்தில் வந்து நின்றார். நிறம் பார்த்துச் சம்பளம் குறைப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 1940இல் அப்பீல் கோர்ட் தீர்ப்பளித்தது.

நம் அரசியல் சட்டமும் 16ஆவது பிரிவில் சர்க்கார் வேலையில் சமவாய்ப்புத் தருகிறது. 17ஆவது பிரிவில் தீண்டாமையை ஒழிக்கிறது. ஆனால் சட்டம் தானாக நடந்து பள்ளிக்கூடத்துக்கு வராது. நாம்தான் அழைத்து வர வேண்டும்.

ஆகவே, ஜாதி சொல்லி வேலை மறுத்தால் வாயால் முறையிட்டுத் திரும்பி விடாதீர்கள். எழுத்தில் புகார் கொடுங்கள், ரசீது வாங்குங்கள், உத்தரவுக் காகிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். கண்ணால் கண்டவர்கள் கோர்ட்டில் பின்வாங்காதீர்கள்.

மற்ற ஜாதித் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. கூலி கேட்கும்போது ஒன்றாக நிற்கிறோம். பந்தியில் மட்டும் தள்ளி உட்கார்ந்தால் அந்தக் கூலியும் கிடைக்காது. நாளைக்கு நம் ஊர்ப் பள்ளியில் இப்படி ஒன்று நடந்தால், நம் பிள்ளைகளே முதலில் தட்டேந்தி நிற்கட்டும்!