பகாப்பதமும் பகா எண்ணும்



கணிதத்தைத் தமிழில் கற்கும் பிள்ளை பின்தங்கிவிடுமோ என்னும் அச்சம், 2003இல் இந்நாட்டுப் பள்ளிகளில் அப்பாடம் ஆங்கிலத்திற்கு மாறத் தொடங்கியது முதல் நம்மிடையே நிலவுகிறது. அவ்வச்சத்தை ஒரே ஒரு கலைச்சொல்லைக் கொண்டு ஆராய விழைகிறேன்.

தன்னாலும் ஒன்றாலும் அன்றி வேறு எதனாலும் மீதமின்றி வகுபடாத எண்ணை மலாயில் 'பெர்டானா' என்பர். ஆங்கிலத்தில் 'பிரைம்' என்பர். முன்னது 'பிரதானம்' என்னும் வடசொல்லின் வழிவந்தது. பின்னது 'முதல்' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. இரண்டும் அவ்வெண்ணின் தகுதியைச் சொல்கின்றன, தன்மையைச் சொல்லவில்லை. தமிழோ 'பகா எண்' என்கிறது. 'பகா' என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். ஆகவே, பெயரே அவ்வெண்ணின் இலக்கணமாகவும் அமைகிறது.

இப்பாகுபாடு நமக்குப் புதிதன்று. பவணந்தி முனிவர் நன்னூலில் சொற்களைப் பகுபதம், பகாப்பதம் என வகுத்தார். 'விதைத்தான்' என்பது விதை+த்+த்+ஆன் எனப் பகுபடும். 'விதை' அதற்குமேல் பகுபடாது. அவ்வாறே 15 என்பது 3×5 எனப் பகுபடும். 3உம் 5உம் பகுபடா.

நெல் விளையும் இம்மண்ணுக்கேற்ற எடுத்துக்காட்டு ஒன்று கூறுகிறேன். முதல்நாள் ஒரு நெல்மணி, மறுநாள் இரண்டு, அடுத்தநாள் நான்கு என நாள்தோறும் இரட்டித்துச் சேர்ப்போம். 11 நாளில் 2,047 மணிகள் சேரும். 23 பேர் ஆளுக்கு 89 எனப் பங்கிட்டுக்கொள்ளலாம். 31 நாளில் 2,147,483,647 மணிகள் சேரும். இவற்றை ஒருவரே கொள்ளவேண்டும். அன்றேல் மணிக்கு ஒருவர் வரவேண்டும். வேறெவ்வகையிலும் சமமாகப் பங்கிட இயலாது.

இதனை 1772இல் ஆய்லர் மெய்ப்பித்தார். நாள்களின் எண்ணிக்கை ஒற்றைப்படைப் பகா எண்ணாயின், மொத்தத்தை வகுக்கும் எந்தப் பகா எண்ணும், நாள்களின் இருமடங்கால் வகுக்கப்படும்போது 1 மீதம் தரும். 23, 89 இரண்டையும் 22ஆல் வகுத்துப் பாருங்கள். எனவே 31 நாள் கணக்கில், 62ஆல் வகுத்தால் 1 மீதம் வரும் பகா எண்களைச் சோதித்தால் போதும். ஓரெண்ணின் இரு காரணிகளுள் சிறியது அதன் வர்க்கமூலத்தை மிஞ்சாது. ஆதலின் 46,340உடன் அச்சோதனையும் முடிந்துவிடும்.

2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட மிகப் பெரிய பகா எண்ணும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததே. இரட்டிப்பை 13,62,79,841 நாள் தொடர்ந்தால் கிடைக்கும் கூட்டுத்தொகை அது. எழுதினால் 4,10,24,320 இலக்கங்கள் வரும்.

பெருமக்களே, சொல் மட்டுமே கணிதத்தைக் கற்பித்துவிடாது. ஆசிரியரின் உழைப்பும் மாணவரின் பயிற்சியும் வேண்டும். ஆயினும், பொருள் விளங்கும் சொல்லோடு தொடங்கும் பிள்ளை ஓரடி முன்னால் நிற்கிறது. 'பெர்டானா'வையும் 'பிரைமை'யும் நம் பிள்ளைகள் கற்கத்தான் வேண்டும். பகா எண் இன்னதென்று தமிழில் தெளிந்தபின் கற்கட்டும் என்பதே என் வேண்டுகோள்.