கூலி கழியவே இல்ல

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பார்சல் புக்கிங் கடைக்கு பெர்ல்ல ஒரு ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தேன். சின்ன வேலைதான். நாள் வசூல்ல லோடு ஏத்துற கூலியைக் கழிச்சு, கல்லாவுல எவ்வளவு இருக்கணும்னு சொல்லணும்.

ஸ்கிரிப்ட் சொன்னதை விட கல்லாவுல தினமும் ஐநூறு, அறுநூறு குறைஞ்சது. மூணாவது நாள் ஓனர், கவுண்டர்ல இருந்த அண்ணனை ஒரு மாதிரி பார்க்க ஆரம்பிச்சிட்டாரு.

தப்பு என்னோடது. கூலிங்கிறதை ஒரு வரியில கே-ஓ-ஓ-எல்-ஐ, கழிக்கிற வரியில கே-யு-எல்-ஐன்னு அடிச்சிருக்கேன். தங்கிலீஷுக்கு ஏது ஸ்பெல்லிங்? பெர்ல் அதைப் புது வேரியபிள்னு நினைச்சு, உள்ள ஒண்ணும் இல்லாததால 0-வைக் கழிச்சிடுச்சு. சத்தமே இல்லாம.

மேல 'யூஸ் ஸ்ட்ரிக்ட்' இருந்திருந்தா, 'மை' போட்டு அறிவிக்காத பேர்னு ஸ்கிரிப்டை ஓடவே விட்டிருக்காது. 'யூஸ் வார்னிங்ஸ்' இருந்திருந்தா, இந்தப் பேர் ஒரே தடவைதான் வருது, எழுத்துப்பிழையான்னு கேட்டிருக்கும். 2000-ல வந்த 5.6-லயே இருக்கிற வசதி அது. 2022-ல வந்த 5.36-ல 'யூஸ் வி5.36'னு ஒரு வரி போட்டாலே ரெண்டும் ஆன் ஆயிடும்.

எனக்குத் தெரியாம இல்ல. வார்னிங்ஸ் வரி முதல்ல இருந்துச்சு. ஸ்கிரீன் பூரா கத்துதேன்னு நான்தான் எடுத்தேன்.

ஓனர்கிட்ட சொல்லிட்டு, அண்ணன்கிட்ட தனியா போய்ச் சொன்னேன். "ஸ்பெல்லிங்காலயா தம்பி?"ன்னு மட்டும் கேட்டாரு.